பௌர்ணமியில் மட்டும் மெல்ல வந்த முதுமை

ஏற்கெனவே முடிந்து, பாராட்டும் வாங்கிவிட்ட ஒரு வேலையை அந்த வியாழக்கிழமை நான் ஏன் மறுபடி பிரித்துப் பார்த்தேன்? இதற்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. கேஸை மூடினேனா என்று மூன்று முறை போய்ப் பார்க்கிறவள்தான் நான். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தவள்தான். ஆனால் அன்று எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. கிராஃப்கள் சென்னைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. என் பேராசிரியர் போனில், "ரொம்ப நல்லா வந்திருக்கு பானு" என்று சொல்லியிருந்தார். பன்னிரண்டு நாளில் ஒரு கருத்தரங்கில் அவர் அதைப் பேசவிருந்தார். அந்தப் பேச்சு நன்றாக அமைந்தால் மார்ச்சில் முடியும் என் வேலை இன்னும் இரண்டு வருடம் நீளும். நோட்டை மூடி அலமாரியில் வைத்தாகிவிட்டது. அதை எடுத்தேன். எடுக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

கணினி படிக்கும் தங்கைகளும் தம்பிகளும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. வீட்டு மூலையில் ஓடிய உடம்புகள்

நான் கணிதத்தில் எம்.எஸ்சி. படித்தவள். கல்யாணத்துக்கு முன் சென்னையில் அந்தப் பேராசிரியரிடம் ப்ராஜெக்ட் உதவியாளராக இருந்தேன். நான் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மகள் யாழினி பிறந்ததும் கணவரின் ஊரான திருவண்ணாமலைக்கு வந்துவிட்டோம். என் கணவர் செந்தில் செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். வேலையை விடுகிறேன் என்று மேடத்திடம் சொன்னபோது, "ப்ரோக்ராம் ஓடறதுக்கு ஊரு முக்கியமா? மெஷின் அனுப்பறேன், வீட்டுல வெச்சு ஓட்டு" என்றார். மெஷின் வந்தது. ஹாலின் மூலையில், யாழினியின் கை எட்டாத உயரத்தில் வைத்தேன்.

வேலை இதுதான். நம் ரத்தத்தில் டி செல்கள் என்ற காவல் செல்கள் இருக்கின்றன. எந்தக் கிருமியையும் இதுவரை பார்க்காத புதுச் செல்கள் ஒரு வகை. ஒரு கிருமியோடு சண்டை போட்டு அதை ஞாபகம் வைத்திருக்கும் நினைவுச் செல்கள் இன்னொரு வகை. புதுச் செல்கள் மார்புக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் உருவாகின்றன. அது சிறு வயதில் நன்றாக வேலை செய்யும், வயது ஏற ஏறச் சுருங்கும். உடம்பில் இடமோ அளவானது. நினைவுச் செல்கள் பெருகப் பெருகப் புதுச் செல்களுக்கு இடம் குறையும். அதனால்தான் முதுமையில் ஒரு புதுக் கிருமி வந்தால் உடம்பு திணறுகிறது. இதை மனிதர்களிடம் கவனிக்க எண்பது வருடம் காத்திருக்க வேண்டும். அதனால் கணினிக்குள் ஓர் உடம்பை உருவாக்கி, பிறப்பிலிருந்து எண்பது வயதுவரை அதன்மேல் கிருமிகளை விட்டு, எந்த வயதில் எவ்வளவு திணறுகிறது என்று அளப்போம்.

செந்திலுக்கு இதை ஒரு நாள் விளக்கினேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அப்போ எங்க லாட்ஜ் மாதிரிதான். மாசக்கணக்குல தங்குற ஆளுங்க ஜாஸ்தியாயிட்டா புதுசா வர்றவனுக்கு ரூம் கெடைக்காது."

"அதேதாங்க."

"இதுக்குப் போயா எம்.எஸ்சி. படிச்ச? என்னைக் கேட்டா நானே சொல்லியிருப்பேன்."

ஓர் உடம்பு எண்பது வருடம் வாழ்ந்து முடிக்க எங்கள் மெஷினுக்கு ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். அதைத்தான் ஒரு ரன் என்போம். மாலையில் தொடங்கினால் மூன்றாம் நாள் மாலை முடியும்.

போன வருஷம் மின்வெட்டு கடுமையாக இருந்தது. எங்கள் பகுதியில் தினமும் காலை பத்திலிருந்து பன்னிரண்டுவரை கரண்ட் இருக்காது. யு.பி.எஸ். இருபது நிமிடம் தாங்கும். அதற்குள் உடம்பின் நிலையை, எந்தச் செல் எத்தனை, வயது எத்தனை என்று ஒரு ஃபைலில் சேமித்துவிட்டு அணைப்பேன். கரண்ட் வந்ததும் அந்த ஃபைலிலிருந்து மறுபடி ஓட்டுவேன். சோறு வடிப்பது போல அது தினசரி வேலை. தினசரி வேலையை யாராவது நோட்டில் எழுதுவார்களா? நானும் எழுதவில்லை. ரன் எண், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, அவ்வளவுதான் எழுதினேன்.

மூன்று மாதத்தில் நாற்பத்தொரு உடம்புகள் ஓடி முடிந்தன. அவற்றில் புதுமையான ஒன்று தெரிந்தது. எதிர்ப்பு சக்தி கொஞ்சம் கொஞ்சமாகச் சரியவில்லை. முப்பது வயதை ஒட்டி ஒரு பெரிய இறக்கம், அறுபத்தைந்து எழுபதை ஒட்டி இன்னொரு பெரிய இறக்கம். முதுமை சறுக்குமரமாக வராமல் படிக்கட்டாக வந்தது. மேடத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மூன்று ரன்களில் மட்டும் படி இல்லை, நேர்ச்சரிவாக இருந்தது. "மூணுதானே, விட்டுடு" என்றார். விட்டுவிட்டேன்.

2. ஒத்துவராத மூன்று

அந்த வியாழக்கிழமை மதியம் யாழினி தூங்கிக்கொண்டிருந்தாள். நோட்டை எடுத்து, விட்டுவிட்ட மூன்று ரன்களையும் ஒரே தாளில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது, இருபத்து மூன்று, முப்பத்தெட்டு. மூன்று கோடுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போயின. தற்செயலாகக் கோணலான ரன்கள் என்றால் ஆளுக்கொரு பக்கம் கோணலாக இருக்க வேண்டும். இவை மூன்றும் ஒரே மாதிரி இருந்தன.

சாப்பிட வந்த செந்திலிடம் தாளை நீட்டினேன். அவருக்குக் கிராஃப் புரியாது. பக்கத்தில் எழுதியிருந்த தேதிகளைப் பார்த்தார்.

"இது மூணும் பௌர்ணமி."

"என்னது?"

"இது தீபத்து பௌர்ணமி, இது அதுக்கு முந்தினது, இது அதுக்கும் முந்தினது. மூணு தடவையும் நான் ரெண்டு நாள் வீட்டுக்கே வரல. நீகூட போன்ல கத்தினியே, உங்க சொந்தக்காரங்க பதினோரு பேரு கிரிவலத்துக்கு வந்து உக்காந்திருக்காங்க, நீங்க லாட்ஜுல இருக்கீங்கன்னு."

"கத்தல. சொன்னேன். அது இருக்கட்டும், கம்ப்யூட்டருக்கு பௌர்ணமின்னா என்னங்க தெரியும்?"

"அதுக்குத் தெரியாது. கரண்ட் ஆபீசுக்குத் தெரியும்ல? கிரிவலக் கூட்டத்துக்காக பௌர்ணமிக்கும் அதுக்கு மொத நாளும் டவுன்ல கட் கெடையாது. அந்த ரெண்டு நாளு நாங்க ஜெனரேட்டருக்கு டீசலே ஊத்த மாட்டோம்."

ரசத்தைத் தட்டு வழிய ஊற்றிக்கொண்டே இருந்தேன். "போதும் போதும்" என்று அவர் தட்டை இழுத்துக்கொண்டார்.

வீடு நிறைய விருந்தாளிகள் இருந்த அந்த நாட்களில் மெஷின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். அன்று கரண்ட் போகவே இல்லை என்பதைக் கவனிக்கக்கூட எனக்கு நேரம் இல்லை. அந்த மூன்று உடம்புகளும் பிறப்பிலிருந்து எண்பதுவரை ஒரு முறைகூட நிற்காமல் ஓடியிருக்கின்றன. மற்ற முப்பத்தெட்டையும் நான் இரண்டு இரண்டு முறை நிறுத்தி ஓட்டியிருக்கிறேன்.

நிறுத்தி ஓட்டுவதில் என்ன தவறு? அதைச் சொல்ல வேண்டும். கணினி எந்தக் கிருமி எப்போது வரும் என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல எடுக்கும். ஆனால் அது உண்மையான குலுக்கல் இல்லை. ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால் அந்த எண்ணுக்கென்று ஒரு நீண்ட வரிசை உண்டு. அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசைதான் வரும். தொடக்க எண் எழுதி வைக்கப்பட்டிருந்தால்தான் பிறகு யாரும் சரிபார்க்க முடியும் என்பது மேடத்தின் கண்டிப்பு. அதனால் ஒன்பதாவது ரன்னுக்கு ஒன்பது, பத்தாவதுக்குப் பத்து என்று கொடுத்தேன். கரண்ட் வந்து மறுபடி ஓட்டும்போதும் மறக்காமல் அதே எண்ணைக் கொடுத்தேன். வரிசையில் எந்த இடத்தில் நின்றோம் என்பதை என் ஃபைல் சேமிக்கவில்லை. எனவே முப்பது வயது உடம்புக்கு, பிறந்த அன்று வந்த கிருமியிலிருந்து எல்லாம் அதே வரிசையில் திரும்ப வந்தன. எழுபதில் இன்னொரு முறை. பழகிய கிருமிகளைப் பார்த்த நினைவுச் செல்கள் ஒரேயடியாகப் பெருகிப் புதுச் செல்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன, அதுதான் படி.

சின்னதாக ஒரு சோதனை ஓட்டினேன். பத்து வயதுவரை மட்டும், நடுவில் நிறுத்தி. கிருமிகளின் எண்களை வரிசையாக அச்சிடச் சொன்னேன். 417, 88, 902, 16. நிறுத்தினேன். மறுபடி ஓட்டினேன். 417, 88, 902, 16.

நான் ஒழுங்காக வேலை செய்த இடத்தில்தான் தவறு நடந்திருந்தது. அது என்னை மிகவும் அலைக்கழித்தது. சோம்பலாக ஏதோ ஓர் எண்ணை அடித்திருந்தால் இந்தத் தவறு வந்திருக்காது.

3. சப்ஸ்டேஷன் ரிஜிஸ்டர்

அன்றே மேடத்துக்குப் போன் செய்திருக்க வேண்டுமா? இன்னும் யோசிக்கிறேன். "நிச்சயமா?" என்று கேட்பார். நிச்சயம் என்று சொல்ல ஒவ்வொரு படியும் ஒரு மின்வெட்டோடு பொருந்துகிறது என்று காட்ட வேண்டும். எந்த நாளில் எத்தனை மணிக்குப் போனது, வந்தது என்பது என் நோட்டில் இல்லை. சப்ஸ்டேஷனில் இருக்கும் என்று செந்தில் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை யாழினியை ஸ்கூலில் விட்டுவிட்டு அங்கே போனேன். மேசைக்குப் பின்னால் ஒரு ஆபரேட்டர், ஓய்வுபெறும் வயது, டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"இன்னாமா வேணும்? கரண்ட் இல்லன்னா கம்ப்ளைண்ட் நோட்டு வெளிய கீது."

"கம்ப்ளைண்ட் இல்லீங்க சார். மூணு மாசமா எப்பெப்ப கட் பண்ணீங்கன்னு டைம் வேணும்."

அவர் இட்லியைக் கீழே வைத்துவிட்டார். "எதுக்கு? கேஸ் போடப் போறியா?"

"ஐயோ இல்லீங்க. நான் கம்ப்யூட்டர்ல ஒரு ஆராய்ச்சி பண்றேன். வயசானா ஏன் சளி காய்ச்சல் தாங்க மாட்டேங்குதுன்னு."

"அதுக்கும் என் ரிஜிஸ்டருக்கும் இன்னா சம்பந்தம்?"

சொன்னேன். முழுதாகவே சொன்னேன். கடைசியில், "அப்போ நான் ஸ்விட்ச தூக்குனா உன் ஆளுக்கு வயசாவுது" என்றார்.

"கிட்டத்தட்ட அப்படித்தான் சார்."

"எத்தினி பேர?"

"முப்பத்தெட்டு பேர்."

உள்ளே திரும்பி இன்னொருவரிடம், "டேய் பாபு, நாம முப்பத்தெட்டு பேர கெழவனாக்கிக்கீறோம்டா" என்று கத்தினார். பிறகு தன் மேலதிகாரிக்குப் போன் போட்டு அனுமதி கேட்டார். கிடைத்ததும் நீள ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். "எட்த்துப் போவக் கூடாது. இங்கியே உக்காந்து எழுதிக்க."

எழுதினேன். நிமிடம்கூடப் பிசகாமல் எழுதி வைத்திருந்தார்கள். என் வேலையைவிட அவர்கள் வேலை ஒழுங்காக இருந்தது. வீட்டுக்கு வந்து பொருத்திப் பார்த்தேன். எழுபத்தாறு படிகள், எழுபத்தாறு வெட்டுகள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

4. போன்

"மேடம், ஒரு தப்பு நடந்துடுச்சு."

"குழந்தைக்கு ஒடம்பு சரியில்லையா?"

"இல்ல மேடம். ரன்ல."

சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று நினைவில்லை.

"எத்தன ரன்ல?"

"முப்பத்தெட்டு."

"மொத்தமே நாப்பத்தொண்ணு."

"ஆமா மேடம்."

"அப்ப அந்த மூணுதான் சரி. நான் விட்டுடுன்னு சொன்னது."

ஆமாம் என்று சொன்னால் குத்திக்காட்டுவது போல ஆகிவிடும். இல்லை என்றால் பொய்.

"பேச்ச வாபஸ் வாங்க வேண்டியதுதான் பானு. வர முடியலன்னு எழுதிடறேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மேடம், ஒண்ணு சொல்லட்டுமா?"

"இன்னும் இருக்கா?"

"தப்பு இல்ல மேடம். இது வேற."

ரிஜிஸ்டரைப் பொருத்திக்கொண்டிருந்தபோதே எனக்கு ஒன்று தோன்றியிருந்தது. சொல்லலாமா கூடாதா என்று இரவு முழுக்கப் புரண்டேன். இவ்வளவு பெரிய தவறைச் செய்துவிட்டு யோசனை வேறு சொல்கிறாளே என்று நினைக்க மாட்டாரா?

"ப்ரோக்ராம் கணக்கத் தப்பா போடல மேடம். அதே கிருமிங்க திரும்பத் திரும்ப வந்தா ஒடம்பு என்ன ஆகும்னு கரெக்டாதான் காட்டியிருக்கு. நாமதான் அப்படி வரச் சொல்லல. ஆனா நெஜமாவே அப்படி திரும்பத் திரும்ப வர்ற கிருமி இருக்கா மேடம்? யாழினிக்கு அம்மை போட்டப்ப டாக்டர் சொன்னாரு, அது ஒடம்ப விட்டுப் போகாது, உள்ளயே ஒளிஞ்சுக்கும்னு."

லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து "ஹலோ" என்றேன்.

"இருக்கேன். நீ சொன்னத திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னேன்.

"அம்மையவிட நமக்கு சரியா பொருந்தற வைரஸ் ஒண்ணு இருக்கு. சைட்டோமெகலோ வைரஸ். நெறைய பேரு ஒடம்புல சின்ன வயசுலயே பூந்துடும், சத்தமே போடாது, அப்பப்ப முழிச்சுக்கும். அத அடக்கி வைக்கவே நினைவுச் செல்லுங்க பெருகிக்கிட்டே இருக்கும்னு டாக்டருங்க சொல்றாங்க. பானு, அத நாமளே தெரிஞ்சு உள்ள விட்டுப் பாக்கணும். விட்டதும் விடாததும் பக்கத்துல பக்கத்துல வெச்சு. எத்தன நாள் இருக்கு?"

"பத்து நாள் மேடம்."

"ஒரு மெஷின்ல அஞ்சு ரன்னுதான் வரும். பத்தாது."

"மெஷினுக்கு நான் பாக்கறேன்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது.

5. கலா அக்காவின் பத்து மெஷின்கள்

கலா அக்கா எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவர். ஸ்கூல் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்ததால் சென்டர் காலியாக இருந்தது. போய் நின்றேன்.

"பத்து மெஷினும் வேணுமா? ஒன்பது நாளைக்கா? என்னடி, கல்யாண மண்டபம் கேக்கற மாதிரி கேக்கற?"

"ஆமாக்கா."

"உள்ள என்ன ஓடும்?"

"ஆளுங்க வாழ்வாங்க. பொறந்து எண்பது வயசு வரைக்கும்."

"அப்பறம் செத்துடுவாங்களா?"

"இல்லக்கா, எண்பதுல நிறுத்திடுவோம்."

"எங்க வீட்டுக்காரர ஒரு மெஷின்ல போடு. முப்பதுலயே நிறுத்திடு, அப்பதான் நல்லா பேசிக்கிட்டிருந்தாரு." சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "கத்துக்க வர்ற பசங்க கைய வெக்காம நான் பாத்துக்கறேன். நீ வேலையப் பாரு."

முதலில் ப்ரோக்ராமைத் திருத்தினேன். வரிசையில் எந்த இடத்தில் நின்றோம் என்பதையும் இப்போது அது சேமித்தது. திருத்தியது சரியா என்று பார்க்க இரண்டு மெஷினில் ஒரே உடம்பைச் சிறு வயதுவரை ஓட்டினேன். ஒன்றை நிறுத்தவே இல்லை. இன்னொன்றை வேண்டுமென்றே ஏழு முறை நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். கடைசியில் இரண்டு விடைகளும் ஓர் எண்கூட மாறாமல் வந்தன. பிறகு இரு வகை உடம்புகளை அனுப்பினேன். பாதிக்கு, வந்தால் போய்விடும் சாதாரணக் கிருமிகள் மட்டும். பாதிக்கு அவற்றோடு, மூன்று வயதில் உள்ளே புகுந்து வெளியேறாமல் அவ்வப்போது விழித்துக்கொள்ளும் ஒன்று.

அந்த நாட்களில் ஸ்கூல் விட்டதும் யாழினியும் சென்டருக்கு வந்துவிடுவாள். நாற்காலியை வட்டமாகச் சுற்றுவாள், கலா அக்காவின் வீணான தாள்களில் படம் வரைவாள். நான்காம் நாள் அவளுக்குச் சளி பிடித்தது. ஏ.சி. அறையில் உட்கார வைத்ததால்தான் என்று எனக்கு ஒரே குற்ற உணர்ச்சி. ஐந்தாம் நாள் காய்ச்சல். வேலையை நிறுத்திவிடலாம் என்று செந்திலிடம் சொன்னேன்.

"ஒரு கொழந்தைக்கு சளி புடிச்சதுக்கு பத்து பேர நடுவுல விட்டுடப் போறியா? நான் லீவு போட்டு பாத்துக்கறேன், போ."

நான் போகும்போது யாழினி போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்: "அம்மா, உன் கம்ப்யூட்டர் ஆளுங்களுக்கு ஊசி போட்டியா?"

"இல்லடா கண்ணு."

"எனக்கு மட்டும் ஏன் போடறாங்க?"

காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது. நான் நூறு முறை போன் செய்து கேட்டிருப்பேன்.

எட்டாம் நாள் மாலை கடைசி உடம்பு எண்பதைத் தொட்டது. நாற்பது கோடுகளையும் ஒரே திரையில் போட்டேன். சாதாரணக் கிருமிகள் மட்டும் வந்த இருபதும் பௌர்ணமி ரன்களைப் போல மெல்ல, சீராக இறங்கின. வெளியேறாத கிருமி புகுந்த இருபதும் படி படியாக இறங்கின. அது ஒவ்வொரு முறை விழித்தபோதும் ஒரு படி. எழுபது வயதில் புதுக் கிருமி ஒன்றை விட்டபோது முதல் கூட்டம் சமாளித்தது. இரண்டாவது கூட்டம் தடுமாறியது. இரண்டும் கலக்கவே இல்லை. நடுவில் ஒரு விரல் வைக்க இடம் இருந்தது.

கலா அக்கா பின்னால் வந்து நின்றார். "எது நல்லது? மேல இருக்கறதா, கீழ இருக்கறதா?"

"ரெண்டும் நல்லதுக்கா. ரெண்டும் ரொம்ப நல்லதுக்கா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஏண்டி, ஜெயிச்சா அழுவியா நீ?" என்று அவர் ஃபேனின் வேகத்தைக் கூட்டினார்.

6. மேடை

மேடத்திடம் படங்களை அனுப்பியதும் திரும்ப வந்த போனில் அவர் ஒரே வரிதான் சொன்னார்: "நீயே வந்து பேசு."

பேச மாட்டேன் என்று மூன்று காரணம் சொன்னேன். மூன்றையும் கேட்டுவிட்டு, "பஸ் எத்தன மணிக்கு?" என்றார்.

அதிகாலை பஸ்ஸில் செந்திலும் யாழினியும் கூடவே வந்தார்கள். அரங்கில் டாக்டர்கள் நிறைய இருந்தார்கள். முதல் மூன்று நிமிடம் நான் என்ன பேசினேன் என்பது எனக்கே தெரியாது. பிறகு முப்பத்தெட்டு பழைய கோடுகளின் படத்தைப் போட்டேன். மேடத்திடம் நான் இதைக் கேட்கவில்லை. "இது எங்கள் தவறான முடிவு. எங்கள் ஊரின் மின்வெட்டால் வந்தது" என்று சொல்லி, சப்ஸ்டேஷன் நேரங்களை மேலே புள்ளிகளாக வைத்துக் காட்டினேன். அரங்கில் சிரிப்பு. அடுத்து புதுப் படத்தைப் போட்டேன். சிரிப்பு நின்றது.

கடைசியில் வயதான டாக்டர் ஒருவர் எழுந்தார். முதியவர்களின் ரத்தத்தை வருடக்கணக்காகப் பார்ப்பவராம். "நான் பாக்கற சில பேஷன்ட் திடீர்னு எறங்கிடறாங்க. மெல்ல எறங்கறதில்ல. ஏன்னு எனக்குத் தெரியாம இருந்தது. உங்க ப்ரோக்ராம எனக்குத் தருவீங்களா?" என்றார். கணினி உடம்பு வேறு, மனித உடம்பு வேறு, இதை வைத்து நோயாளிகளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று நான் அவசரமாகச் சொன்னேன். "அத நான் பாத்துக்கறேன்மா. நீங்க ப்ரோக்ராம குடுங்க" என்றார். கைதட்டினார்கள். கடைசி வரிசையில் யாழினி நாற்காலிமேல் ஏறி நின்று தட்டினாள். செந்தில் அவளை இறக்கவில்லை.

வேலை இரண்டு வருடத்துக்கு நீண்டது. இப்போது என் பதவிக்கு முன்னால் ‘முதுநிலை’ என்று ஒரு சொல் இருக்கிறது.

7. ஒரு வரி

நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தினமும் செய்வதால் எழுத வேண்டாம் என்று நினைக்கும் காரியத்தைத்தான் முதலில் நோட்டில் எழுதுங்கள். நிறுத்தியது, மறுபடி ஓட்டியது, அன்று வீட்டில் யார் வந்திருந்தார்கள் என்பதுகூட. ஒத்துவராத ரன்னை வீசாதீர்கள். மற்றவை ஏன் ஒத்துப்போகின்றன என்று கேளுங்கள்.

இப்போது என் சங்கடம். இதைக் கட்டுரையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம். சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொள்வதாகப் பதில் வந்துவிட்டது. திருத்திய பிரதியை இந்த மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். அதில் ஒரு வரி சேர்க்க ஆசைப்படுகிறேன்: இந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றியது, மின்வெட்டுக்குப் பின் கிருமி வரிசை திரும்ப ஓடிய எங்கள் பிழையால்தான் என்று. மேடம் வேண்டாம் என்கிறார். "மேடையில சொன்னது வேற, அச்சுல நிக்கறது வேற. சரியான ரன் எல்லாம் சரியாத்தான் இருக்கு. இந்த வரியப் படிச்சா மத்ததையும் சந்தேகப்படுவாங்க. நாம எதையும் மறைக்கல, முடிவுக்கு எப்படி வந்தோம்னு யாரும் கேக்கறதில்ல" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது. செந்திலோ எழுது என்கிறார். அந்த வரியை நான்கு முறை எழுதி நான்கு முறையும் அழித்துவிட்டேன்.

என்னைப் போலவே யாரோ ஒரு பெண், ஏதோ ஓர் ஊரில், இதே தவறைச் செய்துகொண்டிருக்கலாம். அவள் அந்த வரியைப் படித்தால் தன் நோட்டைப் பிரித்துப் பார்ப்பாள் என்று தோன்றுகிறது. இல்லை, என் மனம் லேசாவதற்காகத்தான் நான் இதை விரும்புகிறேனோ என்றும் தோன்றுகிறது.

ஆய்வகத்தில் வேலை செய்தவர்கள், கட்டுரை அச்சேறிய அனுபவம் உள்ளவர்கள் உங்களில் இருப்பீர்கள். இப்படி ஒரு பிழையை நீங்கள் எங்கே எழுதினீர்கள்? எழுதாமல் விட்டிருந்தால் பிறகு வருந்தினீர்களா? மாதக் கடைசிக்குள் இந்தப் பத்திரிகைக்கு எழுதிச் சொல்லுங்கள். நான் ஐந்தாவது முறையாக அந்த வரியை எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அழிக்கவில்லை.